விதையில்லாப் பயிர்ப்பெருக்கம் (வள்ளியூர் வட்டாரம்)

விதை போடாமல், தாய்ச்செடியின் தண்டு, கிளை, கிழங்கு, மொட்டு இவற்றில் ஒன்றிலிருந்து புதுச்செடி உண்டாக்குவது விதையில்லாப் பயிர்ப்பெருக்கம் எனப்படும். முருங்கைப் போத்து நடுவது, வெற்றிலைக்கொடி பதிப்பது, வாழைக்கன்று பிரித்து வைப்பது, கொய்யாவில் பதியன் போடுவது, மாவில் ஒட்டுக் கட்டுவது எல்லாம் இதன் வகைகள். இவ்வாறு உண்டாகும் செடி மரபணு அளவில் தாயின் நகல். தாயின் ருசியும் மகசூலும் மாறாமல் வரும். தாயிடம் இருக்கும் குறையும் நோயும் கூடவே வரும். செலவு குறைந்த இந்த முறையில் வெற்றியையும் தோல்வியையும் பெரும்பாலும் முடிவு செய்வது தாய்ச்செடித் தேர்வுதான்.

நிலமும் பருவமும்

வள்ளியூர், திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் வட்டத்தில், திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். மேற்கே மகேந்திரகிரியும் களக்காட்டு மலைகளும், தெற்கே பணகுடியும் ஆரல்வாய்மொழிக் கணவாயும், கிழக்கே திசையன்விளை வரை நீளும் செம்மணல் நிலமும் அமைந்துள்ளன. தாமிரபரணி இவ்வூருக்கு வடக்கே ஓடுகிறது. வள்ளியூர்ப் பகுதி நம்பியாறு, அனுமன் நதி ஆகியவற்றின் வடிநிலம். குளங்கள், கிணறுகள், கோதையாற்றுத் திட்டத்தைச் சேர்ந்த ராதாபுரம் கால்வாய் ஆகியவை பாசனத்துக்கு உதவுகின்றன.

தண்டு நடுவோர் இங்கே இரண்டு இயற்கை நிலைகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். முதலாவது காற்று. தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று வறண்டும் வேகமாகவும் இருக்கும். முப்பந்தலில் காற்றாலைகள் நிறைந்திருப்பது இக்காற்றினால்தான். வேர் விடாத குச்சியின் ஈரத்தை இது சில நாள்களிலேயே உறிஞ்சிவிடும். எனவே ஆடிக்காற்றுக் காலத்தில் நாற்றுத்தொட்டிகளைச் சுவரின் கிழக்குப் பக்கம், காற்று நேராகப் படாத இடத்தில் வைப்பது நல்லது. இரண்டாவது மழை. மாவட்டத்தின் பெரும்பங்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. புரட்டாசிக் கடைசியில் தொட்டியில் வேர்விட்ட கன்றுகள் ஐப்பசி மழையோடு நிலத்துக்குப் போனால் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும்.

கடற்கரையை ஒட்டிய ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருப்பது வழக்கம். இளவேர் உப்பைத் தாங்காது. பிடித்து வைத்த மழைநீர், குளத்து நீர், நல்ல தண்ணீர்க் கிணற்று நீர் ஆகியவை இதற்கு ஏற்றவை.

வேர் உண்டாகும் விதம்

செடியின் நுனிக்குருத்திலும் இளந்தளிரிலும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி உருவாகித் தண்டின் வழியே கீழே இறங்குகிறது. தண்டை வெட்டியதும் அது போக வழியின்றி வெட்டுவாயில் சேர்கிறது. அங்கே செல்கள் பெருகிக் காயத்தை மூடும். தண்டின் உள்ளடுக்குகளில் உள்ள செல்கள் வேர்முளைகளாக மாறும். பல செடிகளில் கணுவை ஒட்டிய பகுதி வேர்விடுவதற்கு ஏற்றது என்பதால், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுவது நடைமுறை. 1930களின் நடுவில் ஃபிரிட்ஸ் வென்ட், கென்னத் திமான் ஆகியோர் நடத்திய ஆய்வுகள் ஆக்சினுக்கும் வேர் பிடிப்பதற்கும் உள்ள தொடர்பை விளக்கின. இன்று நாற்றுப் பண்ணைகள் பயன்படுத்தும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம் அதே வகையைச் சேர்ந்தது.

வேர் வருவதற்குள் குச்சி காய்ந்துவிடாமல் காப்பதே நடைமுறைச் சிக்கல். இலை நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதை ஈடுசெய்ய வேர் இருக்காது. இலையை முழுக்கக் கிள்ளினால் உணவும் ஆக்சினும் குறையும். முழுக்க விட்டால் வாடும். அதனால் மேலே இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டு, பெரிய இலைகளைப் பாதியாக நறுக்குவார்கள்.

வீட்டு முறைகள்

தண்டு நடுதல்: செம்பருத்தி, பிச்சி, மல்லிகை, நந்தியாவட்டை, இட்லிப்பூ முதலியவற்றுக்கு இது போதும். பூவும் மொட்டும் இல்லாத, பென்சில் கனமுள்ள, முற்றத் தொடங்கிய கிளையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. நீளத் துண்டு எடுக்க வேண்டும். கத்தியையோ கத்தரியையோ எரிசாராயத்தில் நனைத்த துணியால் துடைத்தோ தீயில் காட்டியோ எடுப்பது நோய் பரவாமல் தடுக்கும். கீழ்முனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டினால் எந்தப் பக்கம் மண்ணுக்குள் போக வேண்டும் என்ற குழப்பம் வராது. இரண்டு கணுக்கள் ஊடகத்துக்குள் இருக்கும்படி ஊன்ற வேண்டும்.

ஊடகம் சத்துள்ளதாக இருக்கத் தேவையில்லை. நீர் தேங்காமல், காற்றும் ஈரமும் இருந்தால் போதும். மணலும் தென்னை நார்க்கழிவும் சம அளவு கலந்தது எளிது. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி உப்பை நீக்கிய பிறகே சேர்க்க வேண்டும். தொட்டிக்குப் பதிலாகப் பால் பாக்கெட், அடியில் துளையிட்ட பெயின்ட் டப்பா, தேங்காய்ச் சிரட்டை எதுவும் பயன்படும். அடிப்பாகம் வெட்டிய தண்ணீர்ப் பாட்டிலைக் குச்சியின் மேல் கவிழ்த்தால் உள்ளே ஈரப்பதம் நிற்கும். பகலில் ஒரு முறை மூடியைத் திறந்து காற்று விடுவது பூஞ்சையைக் குறைக்கும். நேர்வெயில் கூடாது, வேப்பமர நிழலோ பாதி நிழல் தரும் வலையோ வேண்டும். செடியைப் பொறுத்து மூன்று முதல் ஆறு வாரத்தில் வேர் வரும். குச்சியை மெல்ல இழுத்தால் எதிர்ப்புத் தெரிவதும், புதுத்தளிர் நிலைத்து நிற்பதும் அதற்கு அடையாளம். வேர் வருவதற்கு முன்பே தண்டின் சேமிப்பைக் கொண்டு தளிர் வெடிப்பது உண்டு. அதை நம்பி உடனே பிடுங்கி நட்டால் பட்டுப்போகும்.

வேர் ஊக்கி வேண்டுமென்றால் மென்தண்டுகளுக்கு லிட்டருக்கு 1 கிராம் வரையிலும், முற்றிய தண்டுகளுக்கு 2 முதல் 3 கிராம் வரையிலும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம் கரைத்து, அடிமுனையைச் சில நொடிகள் முக்கி எடுப்பார்கள். இது தண்ணீரில் எளிதில் கரையாது. சிறிது எரிசாராயத்தில் கரைத்துப் பின் நீர் சேர்க்க வேண்டும். கடைகளில் பொடியாகவும் கிடைக்கிறது. வீடுகளில் சோற்றுக்கற்றாழைச் சாறு, இளநீர், தேன் ஆகியவற்றில் முக்கி நடுவதும் வழக்கம். எளிதில் வேர்விடும் செடிகளுக்கு இவை எதுவும் கட்டாயமில்லை.

மண் பதியனும் விண் பதியனும்: தாய்ச்செடியிலிருந்து பிரிக்காமலேயே வேர் வரவைப்பது பதியன். மல்லிகையின் தாழ்ந்த கிளையை வளைத்து, நடுவில் பட்டையைச் சற்றுச் சீவி மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்தால் அது மண் பதியன். கொய்யா, மாதுளை, எலுமிச்சை ஆகியவற்றில் விண் பதியன் போடலாம். பென்சில் கனக் கிளையில் 2 முதல் 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான தென்னை நார்க்கழிவை வைத்து, பாலித்தீன் தாளால் சுற்றி, இருபுறமும் இறுகக் கட்ட வேண்டும். ஒன்று முதல் ஒன்றரை மாதத்தில் தாளுக்குள் வேர் தெரியும். அதன் கீழே வெட்டிப் பையில் நட்டு, நிழலில் சில வாரம் தேற்றிய பின் நிலத்தில் வைக்கலாம். வேர் வரும்வரை தாய் மரமே தண்ணீர் தருவதால், தண்டு நடுவதைவிட இதில் இழப்பு குறைவு.

ஒட்டு: மா, சப்போட்டா, நெல்லி ஆகியவற்றில் நல்ல ரகத்தின் குச்சியையோ கண்ணையோ வேறொரு நாற்றின் மேல் பொருத்துவார்கள். சப்போட்டாவுக்குப் பாலை நாற்று வேர்ச்செடியாகப் பயன்படுகிறது. ஒட்டுக்குக் கைப்பழக்கம் தேவை என்பதால் வீடுகளைவிட நாற்றுப் பண்ணைகளில்தான் மிகுதியாக நடக்கிறது. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வெடிக்கும் தளிரை அவ்வப்போது கிள்ளாவிட்டால் அது மேலோங்கி, கட்டிய ரகம் நலிந்துவிடும்.

வட்டாரப் பயிர்கள்

முருங்கை: திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து மணற்பாங்கான நிலங்களுக்கு ஏற்ற மரம் இது. பலவருட முருங்கை போத்து மூலம் பெருக்கப்படுகிறது. நன்றாகக் காய்த்த மரத்தில், காய்ப்பு முடிந்து கவாத்துச் செய்யும்போது, 1 முதல் 1.5 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 15 செ.மீ. சுற்றளவும் உள்ள கிளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். சாறு வடிந்து வெட்டுவாய் ஆறுவதற்கு நிழலில் ஓரிரு நாள் போட்டுவைத்து, மேல்முனையில் சாணி அப்பி, மூன்றில் ஒரு பங்கு குழிக்குள் இருக்கும்படி நடுவார்கள். நீர் தேங்கும் இடத்தில் போத்து அழுகும். மிகுதியாகத் தண்ணீர் ஊற்றிக் கெடுப்பதே வீடுகளில் நடக்கும் தவறு. போத்து நட்ட மரம் அடுத்த ஆண்டுக்குள் காய்க்கத் தொடங்கும். நீண்ட காய்க்குப் பெயர் பெற்ற யாழ்ப்பாண முருங்கையும், சாவகச்சேரி முருங்கையும் இலங்கைத் தமிழர் பகுதிகளின் பெயரோடு தமிழ்நாட்டில் வழங்கும் பலவருட வகைகள்.

1989இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம். 1 என்னும் ஓராண்டு முருங்கையை வெளியிட்ட பிறகு, பெருந்தோட்டங்கள் விதை முருங்கைக்கு மாறின. விதைத்த ஆறு மாதத்தில் அது காய் தருகிறது. ஆனால் முருங்கை தேனீக்களாலும் தச்சு வண்டுகளாலும் அயல்மகரந்தச் சேர்க்கை பெறும் மரம். தோட்டத்துக் காயிலிருந்து எடுத்த விதை அப்படியே தாய்போல வரும் என்பதற்கு உறுதியில்லை. வீட்டுக்கொல்லையில் ஒரு குறிப்பிட்ட மரத்தின் ருசி வேண்டும் என்பவர்களுக்கு இன்றும் போத்துதான் வழி.

வெற்றிலை: தாமிரபரணியின் கடைமடையில் உள்ள ஆத்தூர், தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலைக்கொடியில் ஆண் கொடி, பெண் கொடி எனத் தனித்தனி உண்டு. சாகுபடியில் விதைக்கு இடமே இல்லை; கொடிக்கால் முழுவதும் துண்டுக்கொடியால் பெருகியதே. முதலில் அகத்தியை விதைத்து, அது கொடி படர்வதற்கு ஏற்ற உயரம் வந்ததும், நோயற்ற கொடியின் நுனிப்பகுதியில் 3 முதல் 5 கணுக்கள் உள்ள துண்டுகளை அதன் அடியில் பதிப்பார்கள். கணுதோறும் காற்றுவேர் இருப்பதால் பிடிப்பது எளிது. வீட்டில் ஒரு கணுவை மட்டும் ஈரமணலில் ஊன்றினாலும் வரும். நிழலும் ஈரமும் வேண்டும். மண்ணில் நீர் நின்றால் வேரழுகல் பூஞ்சை தாக்கும். நடுவதற்கு முன் கொடியைப் போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லியில் நனைப்பது இதற்காகவே.

வாழை: களக்காடு, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பகுதிகளில் ஏத்தன் உள்ளிட்ட வாழைகள் பயிராகின்றன. உண்ணும் வாழையில் முளைக்கும் விதை இல்லாததால் பக்கக்கன்றே நடுபொருள். அகன்ற இலையுள்ள நீர்க்கன்றை விட்டு, குறுகிய வாளிலை கொண்ட ஈட்டிக்கன்றை, 1.5 முதல் 2 கிலோ எடையில், தேர்வது முறை. ஒரு தாயிடமிருந்து கிடைக்கும் கன்றுகள் சில மட்டுமே. இதைப் பெருக்க எளிய வழி ஒன்றைத் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பரப்பியுள்ளது. கன்றின் வேரை நீக்கி, தண்டைக் கிழங்கின் மேல் மட்டத்தில் வெட்டி, நடுக்குருத்தைத் தோண்டி எடுத்து, கிழங்கின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போட்டு, ஈரமான மரத்தூளில் நிழலில் புதைக்க வேண்டும். குருத்து இல்லாததால் அடங்கிக் கிடந்த பக்க மொட்டுகள் விழித்துக்கொள்ளும். முளைத்தவற்றின் குருத்தையும் அதேபோல வெட்டினால் ஒரு கிழங்கிலிருந்தே பல கன்றுகள் கிடைக்கும். ஆய்வகம் தேவையில்லை; மரத்தூளும் நிழலும் போதும்.

பிச்சி: ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, பூச்சந்தைக்குப் பெயர் பெற்றது. சுற்றுவட்டாரத்தில் பயிராகும் பிச்சியும் மல்லிகையும் வேர்விட்ட குச்சி, மண் பதியன் ஆகியவற்றால் பெருகுகின்றன.

ஆய்வக வழி

இதே கொள்கையைச் செல் அளவுக்குக் கொண்டுபோனது திசு வளர்ப்பு. 1902இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹேபர்லாண்ட் தனிச் செல்லிலிருந்து செடி வரலாம் என்ற கருத்தை முன்வைத்தார். 1941இல் வான் ஓவர்பீக்கும் உடன் ஆய்வாளர்களும் இளந்தேங்காயின் நீரைச் சேர்த்து ஊமத்தையின் இளங்கருவை வளர்த்தனர். தேங்காய் நீரில் செல் பெருக்கத்தைத் தூண்டும் பொருள்கள் உள்ளன. 1958இல் ஸ்டூவர்டின் குழு, தேங்காய் நீர் சேர்த்த ஊடகத்தில் கேரட் செல்களிலிருந்து முழுச்செடி உருவாவதைக் காட்டியது. இன்று சந்தையில் பரவலாக உள்ள ஜி 9 வாழைக்கன்றுகள் திசு வளர்ப்பில் வந்தவை. வைரஸ் சோதனை செய்யப்பட்ட தாயிலிருந்து வந்தவை என்பதே இவற்றின் முதன்மையான சிறப்பு.

ஒற்றை மரபின் இடர்

நகல்களால் நிறைந்த தோட்டம் ஒரே நோய்க்கு மொத்தமாக விழும். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகல் பெரும்பஞ்சமாக மாறியதற்கு, ஒரே ரகக் கிழங்கையே நாடு நம்பியிருந்தது ஒரு காரணம். ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் வாழை, பனாமா வாடல் நோயால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இடமிழந்து கேவண்டிஷ் வாழைக்கு வழிவிட்டது.

தென்னகத்தின் அனுபவமும் இதுவே. வாழையைத் தாக்கும் முடிக்கொத்து வைரஸ் இலங்கையிலிருந்து 1940இல் கேரளத்துக்கு வந்தது. நோயுற்ற கன்றுகளோடு ஊர் ஊராகப் பயணம் செய்தது; தோட்டத்துக்குள் அசுவினி பரப்பியது. பழனிமலையின் விருப்பாச்சி வாழை இதனால் பெரும் சேதமடைந்து, நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளால் மீட்கப்பட்டது. மரவள்ளியின் தேமல் நோயும் குச்சி வழியே பரவுகிறது. வெள்ளை ஈ அதைப் பெருக்குகிறது.

வீட்டுத் தோட்டத்துக்கு இதிலிருந்து கிடைக்கும் விதிகள் சில. சுருங்கிய இலை, தேமல், குட்டையான கொத்து ஆகியவை தெரியும் செடியிலிருந்து குச்சி எடுக்கக்கூடாது. வைரஸுக்கு மருந்து இல்லை. ஒரே தாயிலிருந்து எல்லாக் கன்றையும் எடுக்காமல் இரண்டு மூன்று தாய்களை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் இடையில் கத்தியைத் துடைக்க வேண்டும். அயலூரிலிருந்து வரும் கன்றைச் சில வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே தோட்டத்தில் சேர்க்க வேண்டும்.

சட்டம்

விவசாயிகள் விதையையும் நடுபொருளையும் சேமித்துப் பயன்படுத்தவும், பகிரவும், மாற்றிக்கொள்ளவும் 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டும் தடை உண்டு.

கஞ்சாச்செடி இந்தச் சலுகைக்கு வெளியே நிற்கிறது. அதுவும் ஆண், பெண் தனித்தனியாக உள்ள, தண்டிலிருந்து நகல் எடுக்கக்கூடிய செடி. அதை வீட்டில் வளர்ப்பதற்கு அனுமதி தரும் நாடுகளில் கனடாவும் ஜெர்மனியும் அடங்கும். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடிகளும், ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்தவருக்கு 3 செடிகளும் வளர்க்கலாம். இந்தியாவில் நிலை வேறு. ஆங்கிலேய அரசு 1893–94இல் அமைத்த இந்தியக் கஞ்சா போதைப்பொருள் ஆணையம் முழுத் தடை தேவையில்லை என்று பரிந்துரைத்தது. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 8ஆம் பிரிவில், அனுமதியின்றிக் கஞ்சாச்செடி பயிரிடுவதைத் தடை செய்தது. செடிகளின் எண்ணிக்கை குறைவு என்பதற்காக அதில் விலக்கு இல்லை. தொட்டியில் வைத்த ஒற்றைச் செடியும் குற்றமே. 20ஆம் பிரிவின்படி பயிரிட்டவருக்கு 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தம் நிலத்தில் சட்டவிரோதமாகப் பயிரிடப்படுவதை அறிந்த நிலவுடைமையாளர், அதை உடனே அதிகாரிக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்று 46ஆம் பிரிவு கூறுகிறது.

நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட மாநில அரசு அனுமதிக்க இதே சட்டத்தில் இடமுண்டு. உத்தரகாண்ட் 2018இல் அத்தகைய உரிமத்தை வழங்கியது. அங்கே போதைதரும் வேதிப்பொருள் குறைந்த கஞ்சாச்செடி வகைகளுக்கு மட்டுமே இடம்; அதுவும் அரசின் கண்காணிப்பில்.